தை முகூர்த்தத்துக்கு எந்த பாடி?

மார்கழி பிறந்துவிட்டால் கல்யாண போட்டோ எடுக்கும் எங்கள் ஆட்களுக்கு வேலை கிடையாது. முகூர்த்தம் இல்லை, ரிசப்ஷன் இல்லை. கார்த்திகைக் கல்யாணத்து ஆல்பங்களை முடித்து லேபுக்கு அனுப்பிவிட்டால், பாளையங்கோட்டை முருகன்குறிச்சிப் பக்கம் ஒரு டீக்கடையில் உட்கார்ந்து கேமரா பேசுவதுதான் மிச்சம். 2025 மார்கழியில் பேச்சுக்குப் பஞ்சமே வரவில்லை. நவம்பர் 6 அன்று கேனன்காரன் ஆர்6 மார்க் த்ரீயை இறக்கினான், கூடவே 45 எம்எம் எஃப் 1.2 லென்ஸ் ஒன்று (எஃப் எண் குறையக் குறைய லென்ஸ் கூடுதல் வெளிச்சத்தை உள்ளே விடும்). அந்தச் சூடு ஆறுவதற்குள் டிசம்பர் 2 அன்று சோனி ஏ7 ஃபைவ் வந்தது. ஏப்ரலிலேயே நிக்கான் இசட்5 டூவை விட்டிருந்தது, 2024 ஜூனில் வந்த இசட்6 த்ரீயும் கடையில் இருக்கிறது. நான்கும் முழு ஃப்ரேம், அதாவது பழைய 35 எம்எம் ஃபிலிம் அளவு சென்சார், நான்கும் கல்யாணத்துக்குப் போதுமானவை. ஆனால் டீக்கடையில் கேட்டால் ஒன்று சாமி, மற்ற மூன்றும் பேய்.

"அண்ணாச்சி, கேனன்காரன் சோலிய முடிச்சிட்டாம்லா" என்று நவம்பரில் குதித்தது போஸ் சொல்லாமல் இயல்பாக எடுக்கும் கேண்டிட் தம்பி. அவனிடம் சொந்தமாக ஒரு பாடியும், அதாவது லென்ஸ் சேராத கேமராவும், கிடையாது, எல்லாம் வாடகை. அன்றைக்கு வாயைத் திறக்காமல் டீ குடித்துக்கொண்டிருந்த சோனி நண்பர் டிசம்பர் 3 காலையில் வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்னாடியே வந்து உட்கார்ந்திருந்தார். அவரிடம் இருப்பது 2018-ல் வந்த ஏ7 த்ரீயும் டாம்ரான் 28-75 எஃப் 2.8-ம். நான் பழைய நிக்கான் ஆள். டி750, அதன் மேல் உள்ளேயே மோட்டார் இருக்கும் ஏஎஃப்-எஸ் 24-70 லென்ஸ் ஒன்று, மோட்டார் இல்லாத பழைய ஏஎஃப்-டி 80-200 ஒன்று. டி750 வந்தது 2014-ல், இன்னும் ஓடுகிறது, ஆனால் ஷட்டர் எப்போது போகும் என்று ஒவ்வொரு முகூர்த்தத்திலும் வயிற்றைக் கலக்குகிறது. ஆக மூன்று பேருக்குமே ஏதாவது வாங்கியாக வேண்டும், அதுவும் தை பிறப்பதற்குள்.

விலையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், டீக்கடைப் பேச்சில் அது கடைசியில்தான் வரும். அமெரிக்காவில் பாடிக்கு மட்டும் அறிவித்த விலை: இசட்5 டூ 1,699 டாலர், இசட்6 த்ரீ 2,499, ஆர்6 மார்க் த்ரீ 2,799, ஏ7 ஃபைவ் 2,899. அந்த விலையில் அங்கத்திய விற்பனை வரி சேராது, இங்கே கடையில் சொல்லும் விலையில் 18 சதவீத ஜிஎஸ்டி உள்ளேயே இருக்கும். அதனால் டாலரை அப்படியே ரூபாயாக்கிக் கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். எது எதைவிட எவ்வளவு கூட என்று பார்க்க இந்த எண்கள் போதும். இசட்5 டூவுக்கும் புதுசு இரண்டுக்கும் நடுவில் 1,100, 1,200 டாலர் பள்ளம் இருக்கிறது. அந்தப் பள்ளத்தில் எதைப் போடுவது என்பதுதான் என் கணக்கே.

அந்தக் கூடுதல் காசுக்கு முக்கியமாக எதைத் தருகிறார்கள்? வேகம். இசட்6 த்ரீயிலும் ஏ7 ஃபைவிலும் பாதி அடுக்கு சென்சார், அதாவது வேகமாகப் படிக்கும் சர்க்யூட்டை ஒரு பகுதி மட்டும் அடுக்கிய சென்சார் இருக்கிறது, படத்தை மேலிருந்து கீழே வேகமாகப் படித்து முடிக்கும். ஆர்6 மார்க் த்ரீயில் அடுக்கு இல்லை, ஆனாலும் படிக்கும் வேகம் மோசமில்லை. இசட்5 டூ இந்த விஷயத்தில் நிதானமான ஆள். இந்த வேகத்தின் பலன் எலெக்ட்ரானிக் ஷட்டரில்தான் தெரியும், அதாவது சத்தமே இல்லாமல் எடுக்கும்போது. இதைக் கேட்டபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. வண்ணார்பேட்டையில் ஒரு மண்டபம், தாலி கட்டுகிற நேரம், ஐயர் கையைத் தூக்கி "கெட்டிமேளம்" என்கிறார், இரண்டு தவில், இரண்டு நாதஸ்வரம், மேலே ஸ்பீக்கர் வேறு. என் டி750 டப் டப் என்று அடிப்பது பக்கத்தில் நிற்கிற மாப்பிள்ளைத் தோழனுக்கே கேட்காது. அங்கே சத்தமில்லாத ஷட்டருக்கு 1,000 டாலர் கொடுப்பது, ஆற்றில் குளிக்கப் போகிறவன் வாளி தூக்கிக்கொண்டு போவது மாதிரி.

ஆனால் நெல்லைக் கல்யாணம் எல்லாம் மண்டபத்தில் நடப்பதில்லை, இங்கேதான் நான் கொஞ்சம் இறங்கி வர வேண்டியிருந்தது. பாளையங்கோட்டை ஊசிக்கோபுரத்தில், 1826-ல் கட்டி முடித்த அந்தத் திரித்துவ ஆலயத்தில், ஒப்பந்தம் சொல்லும் நேரத்தில் மொத்த சபையும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அப்போது ஷட்டர் அடித்தால் முதல் வரிசைப் பாட்டி திரும்பிப் பார்க்கிற பார்வை இருக்கிறதே, அதை ஐந்து கல்யாணத்துக்கு மறக்க முடியாது. மேலப்பாளையத்தில் நிக்காஹ் முடிந்து துஆ ஓதும்போதும் அப்படித்தான். இந்த இரண்டு இடத்திலும் எலெக்ட்ரானிக் ஷட்டர் வேண்டும், அது வந்தால் விளக்கு வெளிச்சத்தால் படத்தின் குறுக்கே இருண்ட பட்டை வரும் பிரச்சினையும் கூடவே வரும்.

பட்டை எப்படி வருகிறது என்று தெரிந்துகொண்டால் காசு மிச்சமாகும், அதனால் பொறுத்துக்கொள்ளுங்கள். நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதில் நேராக ஓடும் விளக்கு வினாடிக்கு 100 தடவை மங்கி மங்கி எரிகிறது. ஒரு சென்சார் முழுப் படத்தையும் படிக்க 20-ல் ஒரு பங்கு வினாடி எடுத்துக்கொண்டால், அதற்குள் விளக்கு 5 தடவை மங்கிவிடும், படத்தில் 5 பட்டை விழும். 70-ல் ஒரு பங்கு வினாடியில் படித்து முடித்தால் ஒன்று, ஒன்றரைப் பட்டையோடு போய்விடும். இதுதான் புது பாடியின் பெருமை. ஆனால் ஷட்டர் ஸ்பீடை 1/100-ல் வைத்துவிட்டால் ஒவ்வொரு வரியும் விளக்கின் ஒரு முழுச் சுற்றை வாங்கிக்கொள்ளும், பட்டையே விழாது, சென்சார் எவ்வளவு மெதுவாகப் படித்தாலும் சரி. ஒப்பந்தம் சொல்லும் மாப்பிள்ளை பொண்ணு ஓடியாடவா போகிறார்கள்? 1/100 தாராளம். ஆகவே சர்ச்சுக்கும் இசட்5 டூ போதும். ரிசப்ஷன் மேடையில் பின்னால் வைக்கிற எல்இடி ஸ்கிரீன் மட்டும் இந்தக் கணக்கில் அடங்காது, அது வேறு வேகத்தில் துடிக்கும். அங்கே பேசாமல் மெக்கானிக்கல் ஷட்டருக்குத் திரும்பிவிட வேண்டியதுதான், அதற்குள் பாட்டுக் கச்சேரியும் ஆரம்பித்திருக்கும்.

இன்னொன்று, இதை யாரும் சத்தமாகச் சொல்வதில்லை. இசட்6 த்ரீயின் அந்த வேகத்துக்கு ஒரு விலை உண்டு: ஐஎஸ்ஓ (வெளிச்சத்தை எவ்வளவு பெருக்குவது என்ற அளவு) 100-ல் எடுத்து நிழலை இழுத்துத் தூக்கினால் அதற்கு முந்தைய இசட்6 டூவைவிடக் நாய்ஸ், அதாவது பொரிப்பொரியான புள்ளி, கொஞ்சம் கூடத் தெரியும். சின்ன வித்தியாசம்தான். ஆனால் நம் ஊரில் அவுட்டோர் என்றால் பகல் 12 மணி, மாப்பிள்ளை பளபளவென்று வெள்ளை வேட்டி சட்டையில், பொண்ணு அரக்குப் பட்டில். வேட்டியின் மடிப்பு தெரிய வேண்டும் என்று வெளிச்சத்தைக் குறைத்து எடுத்துவிட்டுப் பிறகு முகத்தை ஏற்றுவதுதான் எங்கள் அன்றாடப் பிழைப்பு. ஆனி மாதத்தில் நெல்லையப்பர் தேர் ரத வீதியில் திரும்பும்போதும் அதே கதை, மேலே வெள்ளை வானம், கீழே வடம் பிடிக்கிறவர்களின் முகம் நிழலில். எனக்கு எலெக்ட்ரானிக் வேகத்தைவிட இந்த நிழல் முக்கியம். இசட்6 த்ரீ என் பட்டியலில் இருந்து விழுந்தது இங்கேதான். ஏ7 ஃபைவில் இந்தக் குறையைச் சோனி பெரும்பாலும் சமாளித்துவிட்டது, மெக்கானிக்கல் ஷட்டரில் எடுத்தால் நிழல் நன்றாகவே வரும்.

சரி, இருட்டுக்கு வருவோம், எனக்குப் பிடித்த இடம். சித்திரையில் இருந்து ஆடி வரை சுற்றுவட்டாரத்தில் கொடை, அதாவது நாட்டார் சாமி கோவில் திருவிழா, இல்லாத வாரம் கிடையாது. சுடலைமாடன் கோவிலில் சாமக்கொடை, மணி பன்னிரண்டைத் தாண்டியிருக்கும், ஒரு பக்கம் கணியான் கூத்து, மகுடம் என்கிற தோல்கருவி அதிர்கிறது, இன்னொரு பக்கம் சாமியாடி கையில் தீப்பந்தம். ஃப்ளாஷ் அடிக்கலாம், அடிக்கிறவர்களும் இருக்கிறார்கள், எனக்கு மனசு வராது. பந்தத்தின் வெளிச்சம் அடித்துப்போய் எல்லாம் போலீஸ் ஸ்டேஷன் போட்டோ மாதிரி ஆகிவிடும். என் 24-70-ல் எஃப் 2.8 வைத்தால் டி750 ஐஎஸ்ஓ 12800-க்குப் போய் மூச்சு வாங்கும். இப்போது பாருங்கள், எஃப் 1.4 லென்ஸ் ஒன்றைப் போட்டால் 4 மடங்கு வெளிச்சம், ஐஎஸ்ஓ 3200 போதும். கேனனின் அந்த எஃப் 1.2 என்றால் 5 மடங்குக்கும் மேலே, 2400-ஐ ஒட்டி வந்துவிடும். பாடியை மாற்றி இந்த அளவு லாபத்தைக் கனவிலும் பார்க்க முடியாது. என் பதினோரு வருஷத்துக் கிழட்டு டி750-யைவிட இன்றைய சென்சார் இருட்டில் ஒரு ஸ்டாப்கூட (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு) முழுதாக முன்னேறவில்லை.

அதனால் நவம்பர் 6 அன்று வந்ததில் எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது பாடி இல்லை, அந்த 45 எம்எம்தான். அறிவித்த விலை 469 டாலர், எடை 346 கிராம். இதே கேனன் 2018-ல் கொண்டுவந்த ஆர்எஃப் 50 எஃப் 1.2 எல் லென்ஸ் 950 கிராம், அப்போது விலை 2,299 டாலர். ஐந்தில் ஒரு பங்கு காசுக்கு எஃப் 1.2 என்றால் ஊரில் எத்தனை பேர் முதல் தடவையாக அந்த எண்ணைத் தொடப்போகிறார்கள்! ஆனால் குறை சொல்கிறவர்கள் சொல்வதும் பொய்யில்லை: முழுதாகத் திறந்து வைத்தால் ஓரம் பிசுபிசுக்கும், ஜிமிக்கி, நெற்றிச்சுட்டி விளிம்பில் ஊதாவும் பச்சையுமாகக் கோடு வரும். கல்யாண வீட்டில் நகை முழுக்க விளிம்புதானே. எஃப் 1.2-ல் ஒரு கண் ஷார்ப்பாக இருந்தால் மறு கண் இருக்காது, ஆடிக்கொண்டிருக்கும் கணியானை எடுக்க அது சரிப்பட்டு வருமா என்பதும் சந்தேகம். நிக்கான் பக்கம் 2024-ல் வந்த 50 எம்எம் எஃப் 1.4 இருக்கிறது, வந்தபோது 499 டாலர், 420 கிராம். 1.2-க்கும் 1.4-க்கும் நடுவில் அரை ஸ்டாப்கூடக் கிடையாது. சோனிக்கு இந்தப் பேச்சே தேவையில்லை, சிக்மா, டாம்ரான், வில்ட்ராக்ஸ் என்று வெளிக் கம்பெனிகள் கடை விரித்து வைத்திருக்கிறார்கள், எந்தப் பட்ஜெட்டுக்கும் ஒன்று கிடைக்கும். கேனன் மட்டும் ஆர்எஃப் மவுண்டில் (மவுண்ட் என்றால் பாடியில் லென்ஸ் மாட்டும் வாய்) முழு ஃப்ரேம் ஆட்டோஃபோகஸ் லென்ஸ் போட வெளி ஆட்களுக்கு இன்னும் கதவைத் திறக்கவில்லை. 2024-ல் சிக்மாவையும் டாம்ரானையும் சின்ன சென்சார் லென்ஸோடு திண்ணை வரை விட்டிருக்கிறான், அவ்வளவுதான். தம்பி இதை யோசிக்கவே இல்லை.

தம்பிக்கு வேறு ஒரு நியாயம் இருக்கிறது, அதை நான் மறுக்க மாட்டேன். அவன் வருமானத்தில் பாதி ரீல்ஸ். ஆர்6 மார்க் த்ரீயில் ஓப்பன் கேட் இருக்கிறது, சென்சாரின் முழு 3:2 பரப்பையும் 7கே வீடியோவாக எடுத்துவிட்டு, அதே ஷாட்டில் இருந்து செல்போனுக்கு நட்டமாக ஒன்று, டிவிக்குப் படுக்கையாக ஒன்று என்று வெட்டிக்கொள்ளலாம். மாலை மாற்றும்போது ஒரு தடவைதான் மாற்றுவார்கள், கேமராவை நட்டமாகத் திருப்பவா படுக்கையாக வைக்கவா என்று யோசிக்க நேரம் கிடையாது. ஏ7 ஃபைவில் இது இல்லை, சோனி நண்பரே அதைச் சொல்லி வருத்தப்பட்டார். இசட்5 டூவிலும் இல்லை. ஆகவே தம்பி கேனன் வாங்கட்டும். ஆனால் அதில் கார்டு போடும் ஸ்லாட் இரண்டில் ஒன்று வேகமான, விலை கூடிய சிஎஃப் எக்ஸ்பிரஸ் பி, இன்னொன்று சாதா எஸ்டி. 7கே எடுக்க அந்தப் பெரிய கார்டு இருப்பது நல்லது, அதன் விலையைக் கேட்டுவிட்டு வந்து இஎம்ஐ கணக்கைப் போடு என்று சொன்னேன். போய்க் கேட்டுவிட்டு வந்து இரண்டு நாள் பேசவில்லை.

கார்டு என்றதும் ஒன்று. கல்யாணத்துக்கு இரண்டு ஸ்லாட் இல்லாத பாடியை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். கேனன் ஆர்8-ஐ யாரோ பேச்சில் இழுத்தார்கள், 24 மெகாபிக்சல், 461 கிராம், கையில் பூ மாதிரி இருக்கும், ஆனால் ஒற்றை ஸ்லாட். ஒருமுறை எனக்கு நிச்சயதார்த்தத்துக் கார்டு படிக்காமல் போய், பொண்ணோட அப்பாவிடம் போய் நின்ற கதையை இங்கே எழுத மனசு இல்லை. இசட்5 டூவில் இரண்டுமே சாதா எஸ்டி, என்னிடம் இருக்கும் கார்டுகளே போதும். டி750-யின் பழைய பேட்டரியும் அதில் போகும், புது பேட்டரி அளவுக்கு நேரம் நிற்காது, ஆனால் அவசரத்துக்குக் கைகொடுக்கும்.

அப்புறம் கூந்தன்குளம். மார்கழி தையில் சும்மா இருக்கிற போட்டோகிராபர் எல்லாரும் மூலைக்கரைப்பட்டி வழியாக அங்கேதான் போவோம். 1994-ல் சரணாலயமாக அறிவித்த ஊர், தீபாவளிக்கு வெடி போடாத ஊர், நாரை வீட்டு மரத்திலேயே கூடு கட்டும், குஞ்சு கத்துவது திண்ணையில் இருந்தே கேட்கும். புதிதாகப் போகிறவர்கள் 800 எம்எம் வேண்டும் என்று நினைக்கிறார்கள், கூட்டுக்கு 300-ஏ போதும், சில மரத்துக்கு என் 80-200 போதும். தொலைவு வேண்டியிருப்பது குளத்தின் நடுவில் நிற்கிற பூநாரைக்கும், இமயமலையைத் தாண்டி வருகிற வரித்தலை வாத்துக்கும்தான். அதற்கு கேனனில் 200-800 இருக்கிறது, 2,050 கிராம், ஆனால் 800-ல் எஃப் 9. நிக்கான் 180-600 ட்ரைபாட் மாட்டும் காலரை நீக்கினால் 1,955 கிராம், 600-ல் எஃப் 6.3. வாத்து எழும்புவது விடியற்காலையில், அந்த நேரத்தில் ஒரு முழு ஸ்டாப் என்பது சின்ன விஷயமில்லை. சோனி 200-600 கொஞ்சம் கனம், 2,115 கிராம், வெளிச்சம் அதே 6.3. நிக்கான், சோனி இரண்டும் ஜூம் செய்தால் வெளியே நீளாது, உள்ளேயே நகரும். கேனன் நீளும், தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறவனுக்கு ஒவ்வொரு தடவையும் எடை முன்னால் போகும்.

பறவைக்கு மட்டும் புது பாடி நிஜமாகவே ஜெயிக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். வாத்து எப்போது எழும்பும் என்று யாருக்கும் தெரியாது, நாம் பட்டனை அமுக்குவதற்குள் அது பறந்திருக்கும். பட்டனை முழுதாக அமுக்கும் முன்பே படத்தைச் சேர்த்து வைத்துக்கொள்ளும் வசதி நான்கிலும் உண்டு. ஆனால் ஏ7 ஃபைவ் ஒரு வினாடி முன்னால் வரைக்கும், வினாடிக்கு 30 படம், ராவிலேயே (சென்சார் பதிந்த முழு விவரத்தோடு) தருகிறது. ஆர்6 மார்க் த்ரீ அரை வினாடி, அதுவும் ராவில். நிக்கான் இரண்டும் சுருக்கிய ஜேபெக்தான். சிறகடிக்கும் பறவையைப் படிக்கும்போது இசட்5 டூவின் மெதுவான சென்சார் சிறகைக் கோணலாக்கவும் வாய்ப்பு உண்டு. பறவை மட்டுமே எடுக்கிறவர் என்றால் சோனி பக்கம் போங்கள், நான் தடுக்கவில்லை. எனக்கு வருஷத்தில் பத்து நாள் பறவை, அறுபது நாள் கல்யாணம்.

சோனி நண்பருக்கு யோசிக்க ஒன்றுமே இல்லை, டாம்ரான் அப்படியே மாட்டும், பேட்டரியும் அதே வகை, ஏழு வருஷத்துப் பாடியில் இருந்து தாவுகிறார். மூன்று பேரில் புதுசு வாங்கி உண்மையிலேயே லாபம் அடையப்போகிறவர் அவர்தான், ஆனால் அவர்தான் இன்னும் விலை இறங்கும் என்று காத்திருக்கிறார்.

எனக்கு மவுண்ட் என்றால் நான் மட்டுமில்லை. முகூர்த்தம் நடந்துகொண்டிருக்கும்போது லென்ஸ் மக்கர் பண்ணினால் பக்கத்து மண்டபத்துக்கு ஆளை ஓட்டிக் கடன் வாங்க வேண்டும், என் வட்டத்தில் நாலு பேர் நிக்கான். ரிப்பேருக்கு அனுப்பினால் பார்சலில் போய் வருவதற்கே நாள் பிடிக்கிறது. போன வருஷம் ஒரு லென்ஸைக் கொடுத்துவிட்டு மூன்று வாரம் கழித்து "பார்ட்ஸ் வரவில்லை" என்ற பதிலோடு அப்படியே திரும்ப வாங்கினேன். கடன் கொடுக்க ஆள் இருந்ததால்தான் அந்த மூன்று வாரமும் தொழில் நின்றுபோகவில்லை.

ஆகவே இசட்5 டூவும் 50 எம்எம் 1.4-ம் சொல்லியாகிவிட்டது, பொங்கலுக்கு முன்னால் வரும். அறிவித்த விலைப்படி இரண்டும் சேர்ந்தே ஏ7 ஃபைவ் பாடியைவிட 700 டாலர் குறைவு. 180-600 அடுத்த வருஷம் பார்க்கலாம், இப்போதைக்கு வாடகை. 24-70, பழைய லென்ஸைப் புது மவுண்டில் மாட்டும் அடாப்டரில் ஓடும். 80-200 ஓடாது: பாடியில் இருக்கும் மோட்டார்தான் ஏஎஃப்-டி லென்ஸைத் திருப்பும், அடாப்டரில் மோட்டார் கிடையாது, கையால்தான் ஃபோகஸ் பண்ண வேண்டும். அடாப்டர் விற்ற கடைக்காரர் "எல்லாம் ஓடும் சார்" என்றுதான் சொன்னார், பிறகுதான் தெரிந்தது. அதனால் டி750-யை விற்கவில்லை. 80-200-ஐ அதன் மூஞ்சியிலேயே மாட்டி, ரெண்டாவது பாடியாகத் தம்பி கையில் கொடுத்திருக்கிறேன், கேனன் வாங்குகிறவரைக்கும் வாடகை வேண்டாம் என்று. ஞாயிற்றுக்கிழமை அதைத் தூக்கிக்கொண்டு கூந்தன்குளம் வருகிறேன் என்றிருக்கிறான். விடியற்காலை 5 மணிக்கு டீக்கடை முன்னால் நிற்கச் சொல்லியிருக்கிறேன்.